மட்டக்களப்பு – கல்முனை இலகு ரயில்: காசு எங்கிருந்து வரும், வேலையை எங்கிருந்து தொடங்குவது?

நாவற்குடாப் பொடியன்

எங்கள் பக்கத்துக்கு ரயில் வேண்டும் என்ற கோரிக்கை புதிதல்ல. கொழும்பிலிருந்து வரும் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. அதற்குத் தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இவ்வளவு சனம் இருந்தும் பயணிகள் ரயில் இல்லை. அப்பா காலத்திலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த முறை எங்கள் இளைஞர் கழகத்தில் சிலர் சேர்ந்து, வெறும் கோரிக்கையாக இல்லாமல் ஒழுங்கான முன்மொழிவாக எழுதி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

யோசனை இதுதான். மட்டக்களப்பு நகரில் தொடங்கி கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை வழியாகக் கல்முனை வரை, சுமார் 40 கிலோமீற்றர் தூரத்துக்கு மின்சாரத்தில் ஓடும், வழமையான ரயிலைவிடச் சிறிய இலகு ரயில். எழுவான்கரையைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரே ஒரு பிரதான வீதி. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்கள், கச்சேரி (மாவட்டச் செயலகம்) வேலைக்காரர், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் அந்த ஒற்றை வீதியில்தான். பஸ் ஆள் சேரும் வரை ஓரிடத்தில் நின்று கிடக்கும், பின்னால் இன்னொரு பஸ் வந்ததும் தலைதெறிக்க ஓடும். மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு அதற்கு நடுவில் போகிற தாய்மாரைப் பார்க்க நெஞ்சு பதைக்கிறது.

எங்களுக்குத் தெரிய வேண்டியது என்னவென்றால், இப்படி ஒரு பாதையை யார் எப்படித் திட்டமிடுவார்கள், காசு எங்கிருந்து வரும்? கொழும்பில் ஜப்பான் அவ்வளவு குறைந்த வட்டியில் கடன் கொடுத்தும் இலகு ரயில் நின்றுபோனது. அப்படியிருக்க நமக்கு யார் தருவார்கள்? தனியார் கம்பனியோடு சேர்ந்து கட்டுவது நடக்கிற காரியமா? இதை மாகாண சபையிடம் கேட்பதா, கொழும்பிடம் கேட்பதா? விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி.

தண்டவாளம்

தம்பி, முன்மொழிவாக எழுத நினைத்ததே நல்ல காரியம். போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் செலவு. நம் நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழும்பு கோட்டை – மாலபே இலகு ரயில் 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், தூண்களுக்கு மேல் ஓடும் இரட்டைப் பாதை. அதற்கு 1.5 பில்லியன் டொலர் அளவில் செலவாகும் என்று அப்போது சொன்னார்கள். கிலோமீற்றருக்கு 95 மில்லியன் டொலருக்குக் கிட்ட வருகிறது. மற்றது மாத்தறை – பெலியத்த. 26.75 கிலோமீற்றர், ஒற்றைப் பாதை, வழமையான அகலப் பாதை, சீன எக்ஸிம் வங்கிக் கடன் 278 மில்லியன் டொலர், 2019 ஏப்ரலில் திறந்தார்கள். இது கிலோமீற்றருக்கு 10 மில்லியன் சொச்சம். உங்கள் 40 கிலோமீற்றரைக் கொழும்புக் கணக்கில் பெருக்கினால் 3.8 பில்லியன் டொலர். 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு நாடே செய்துகொண்ட நான்கு ஆண்டு ஏற்பாட்டின் மொத்தத் தொகை 3 பில்லியன் அளவுதான். மாத்தறைக் கணக்கில் பெருக்கினால் சுமார் 400 மில்லியன். அதுவும் சிறிய தொகை இல்லை, ஆனால் பேசக்கூடிய தொகை.

இரண்டும் ஒரே சாமான் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்புக் கணக்கில் தூண், மின்சாரக் கட்டமைப்பு, ரயில் பெட்டிகள், பணிமனை, சமிக்ஞை எல்லாம் அடங்கும். மாத்தறையில் மின்சாரம் இல்லை, பாதையும் பெரும்பாலும் தரையில் போகிறது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி அங்கேதான் இருக்கிறது: தரையிலா, தூணிலா? தூணில் ஏற்றிவிட்டால் செலவு பல மடங்காகும். தரையில் போக வேண்டுமென்றால் காணி வேண்டும். நம் பிரதான வீதியில் ஊருக்குள்ளே அந்த அகலம் இல்லை. காத்தான்குடியில் நடுவில் பேரீச்ச மரம் நட்ட அந்தத் துண்டைப் பாருங்கள். அந்த நடு இடம் இரண்டு தண்டவாளத்துக்குப் போதாது, இரண்டு பக்கமும் கடைகள் வாசற்படியோடு வீதியைத் தொட்டு நிற்கின்றன.

அடுத்தது ஆட்கணக்கு. இலகு ரயில் வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது மொத்தச் சனத்தொகை இல்லை. காலை நெரிசல் நேரத்தில், ஒரு மணித்தியாலத்தில், ஒரு திசையில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான். இந்தியாவில் சிறிய நகரங்களுக்கென்று மெட்ரோலைட் என்று ஒரு இலகு ரயில் வகையை 2019இல் வரையறுத்தபோது, அப்படிப்பட்ட கணக்கில் 15,000 பேர் வரை உள்ள நகரங்களுக்கு அது என்றார்கள். நம் பஸ் ஒன்றில் இருந்தும் நின்றும் 70 பேர் என்று வைப்போம். மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் மணிக்கு 1,400 பேர். நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 4,200. மட்டக்களப்பு நகருக்குள் நுழையும் கல்லடிப் பாலத்தைக் காலையில் கடக்கும் பஸ் பயணிகள் இதில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதைக் காட்டாமல் இலகு ரயில் கேட்டால், திறைசேரியில் இருப்பவர் முதல் பக்கத்தோடு கோவையை மூடிவிடுவார். கொழும்பு மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பில் 23 லட்சம் பேர், மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 லட்சத்துக்குச் சற்று மேல், அம்பாறையில் 6 லட்சத்துக்கு மேல். அவரிடம் இந்த மாதிரி இலக்கங்கள்தான் இருக்கும். உங்களிடம் பாலத்தடியில் எண்ணிய இலக்கம் இருக்க வேண்டும்.

கடனைப் பற்றி. கொழும்புத் திட்டத்துக்கு ஜப்பானின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்கா 2019 மார்ச்சில் முதல் கட்டமாக 30 பில்லியன் யென் கடனுக்குக் கையெழுத்திட்டது. வட்டி 0.1 வீதம், திருப்பிக் கட்ட 40 ஆண்டு, அதில் முதல் 12 ஆண்டு அசலைக் கட்டத் தேவையில்லாத சலுகைக் காலம். இவ்வளவு மலிவாகக் கடன் கிடைப்பது அரிது. 2020 செப்டெம்பரில் அன்றைய ஜனாதிபதியின் அரசாங்கம் செலவு அதிகம் என்று சொல்லி அதை நிறுத்தியது. எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான். ஏனென்றால் ஒரு திட்டம் மட்டும் நிற்கவில்லை, நாளைக்கு நாம் போய்க் கேட்கும்போது எதிரே இருப்பவரின் நம்பிக்கையும் சேர்ந்து போயிற்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதன்பின் பெரிய புதுக்கடன் எதுவாக இருந்தாலும் கடன் மறுசீரமைப்புக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

வட்டி குறைவு என்பதாலும் ஆபத்து தீராது. கடன் யென்னிலோ டொலரிலோ வரும், டிக்கட் காசு ரூபாயில் வரும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, சில மாதத்தில் 360க்குப் போனது. வட்டி அப்படியே இருந்தாலும் டொலர்க் கடனுக்கு ரூபாயில் கட்ட வேண்டிய சுமை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. இதை எழுதாத முன்மொழிவு பாதி முன்மொழிவு.

கட்டுவதற்கு ஒருவர் கடன் தரலாம். ஓட்டுவதற்கு யாரும் கடன் தர மாட்டார்கள். சாரதி சம்பளம், மின்சாரம், உதிரிப்பாகம், தண்டவாளப் பராமரிப்பு எல்லாம் வருஷா வருஷம் வரும் செலவு. இலங்கைப் புகையிரதத் திணைக்களமே டிக்கட் வருமானத்தால் செலவை ஈடுகட்டுவதில்லை, திறைசேரிதான் தாங்குகிறது. உலகத்தில் பெரும்பாலான நகரங்களிலும் நிலை இதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குறை எவ்வளவு, யார் தருவார் என்று முதலே எழுத வேண்டும்.

மாகாணமா கொழும்பா என்று கேட்டீர்கள். ரயில் மத்திய அரசின் கையில், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் மாகாணத்தின் கையில். இரண்டையும் இணைக்கிற நகரப் போக்குவரத்து அமைப்பு ஒன்று கிழக்கில் இல்லை. ஆகவே இரண்டு இடத்துக்கும் கொடுங்கள்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இலகு ரயிலில் தொடங்காதீர்கள். கையில் இருக்கும் பாதையில் தொடங்குங்கள். வாழைச்சேனையிலிருந்து வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் வழியாக மட்டக்களப்பு வரை தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. உதயதேவி போன்ற நெடுந்தூர ரயில்கள் சில போய்வந்தால் மற்ற நேரமெல்லாம் அது சும்மா இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் இரண்டு மூன்று பெட்டி டீசல் ரயில் போக வர ஓடினால் காணியும் வேண்டாம், பாலமும் வேண்டாம். அதில் ஆள் ஏறுகிறார்கள் என்று காட்டிவிட்டால் தெற்கே நீட்டுவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மருதமுனைக் கைத்தறி

தண்டவாளம் அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் ஏறாவூர்ப் பக்கம் ரயில் ஓடி எங்களுக்கு என்ன வரும்? சனம் நெருக்கமாக இருப்பது தெற்கே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நகரமாகிவிட்டது. எங்கே ஒரு ஊர் முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். இலகு ரயில் என்று ஒன்று கிழக்கில் வருமென்றால் அது கல்முனையை நடுவில் வைத்து வர வேண்டும், மட்டக்களப்பின் வாலாக வரக்கூடாது. காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதி பிரிகிறது. சம்மாந்துறை, அம்பாறைப் பக்கத்துச் சனமெல்லாம் அதால்தான் வருகிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இந்த நடமாட்டம் எதுவும் கல்லடிப் பாலத்தில் நின்று எண்ணினால் கணக்கில் வராது.

இன்னொன்று, பஸ்காரரை விட்டுவிட்டு இந்தப் பேச்சு நகராது. நான் துணி மூட்டையோடு இந்த வீதியில் போய்வருகிறவன், பஸ் ஏன் அப்படி நின்று நின்று பிறகு ஓடுகிறது என்று சாரதிகளிடமே கேட்டிருக்கிறேன். அன்றைய வசூலில்தான் சாரதிக்கும் கொண்டக்டருக்கும் கைக்காசு. முதலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, டீசல் அடித்து, மிச்சம் வந்தால்தான் வீட்டுக்கு. பின்னால் வருகிற பஸ் அந்த நாலு ஆளையும் ஏற்றிவிட்டால் இவருக்கு அன்றைக்குச் சோறு குறைகிறது. மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை, முறை அப்படி. பல நாடுகளில் பஸ்ஸுக்கு ஓடிய கிலோமீற்றருக்குக் காசு கொடுத்து, டிக்கட் காசைப் பொதுக் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த முறை இங்கே வந்தால் இ.போ.ச. (அரச) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேரசூசியில் ஒழுங்காக ஓடும். அதற்கு ஒரு தூணும் நட வேண்டாம். நாளைக்கு ரயில் வரும்போது அதே பஸ்கள் நிலையத்துக்கு ஆள் கொண்டுவரும் கிளைப் பஸ்களாக மாறலாம். இப்போதே அவர்களிடம் பேசாவிட்டால் முதலில் எதிர்க்கப்போவதும் அவர்கள்தான், அது நியாயமான எதிர்ப்பும்கூட.

கடைசியாக ஒன்று, மனம்விட்டுச் சொல்கிறேன். எங்கள் கரையில் ஒரு ஊர் தமிழ், அடுத்த ஊர் முஸ்லிம், அதற்கடுத்தது திரும்பத் தமிழ். பிரதேச செயலக எல்லைக்கே எவ்வளவு காலமாக இழுபறி என்பது கல்முனைக்காரருக்குத் தெரியும். நிலையம் எந்த ஊரில், எந்தப் பெயரில், எந்தப் பக்கம் வாசல் என்று தொடங்கினால் திட்டம் அங்கேயே படுத்துவிடும். முன்மொழிவை நாவற்குடாக் கழகம் மட்டும் எழுதாமல் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, காரைதீவுப் பிள்ளைகளையும் சேர்த்து எழுதுங்கள் தம்பி. கையெழுத்துக்காகக் கடைசியில் கூப்பிடுவது வேண்டாம், முதல் கூட்டத்திலிருந்தே இருக்கட்டும். மருதமுனையில் ஆள் பிடித்துத் தருவது என் பொறுப்பு.

மட்டுநகர் க்ரொய்டன்

லண்டன் தெற்கில் க்ரொய்டனில் இருக்கிறேன், டிராம் வீட்டுக்குப் பக்கத்தால் போகிறது. இங்கே நடந்தது உங்களுக்குப் பயன்படும்.

க்ரொய்டன் டிராம் 2000ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது, மொத்தம் 28 கிலோமீற்றர். இதில் நாம் பார்க்க வேண்டியது, பெரும் பகுதியை அவர்கள் புதிதாக வெட்டவில்லை. விம்பிள்டனிலிருந்து மேற்கு க்ரொய்டனுக்கு ஏற்கெனவே ஒரு ரயில் பாதை இருந்தது, அதை மூடி டிராமுக்கு எடுத்துக்கொண்டார்கள். கைவிட்ட இன்னும் சில பழைய பாதைகளையும் சேர்த்தார்கள். நகர மையத்தில் மட்டும் வீதியில் தண்டவாளம் பதித்தார்கள். டிராம் 25 மீற்றர் ஆரை அளவிலான வளைவிலும் திரும்பும், பெரிய ரயிலால் அது முடியாது. அதனால் தெருமூலையில் திரும்பிக் கடைவாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தண்டவாளம் அண்ணன் சொன்ன ஏறாவூர்ப் பாதை யோசனை அதே வழிதான், அதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

தனியார் பங்களிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே ஒரு தனியார் கூட்டுக் கம்பனிக்கு 99 ஆண்டு உரிமை கொடுத்துத்தான் கட்டினார்கள். கொஞ்ச ஆண்டிலேயே சிக்கல் வந்தது. லண்டன் போக்குவரத்துச் சபை பிள்ளைகளுக்கு இலவசம், ஒரே அட்டையில் பஸ்ஸும் டிராமும் என்று கட்டணத்தை மாற்ற நினைத்தபோதெல்லாம், அதனால் கம்பனிக்கு வருமானம் குறைந்தால் நட்டஈடு கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் 2008இல் சபையே அந்தக் கம்பனியை வாங்கிவிட்டது. ஆகவே தனியார் வந்தால் காசுப் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால், கட்டணத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கும், ஆள் குறைந்தால் நட்டம் யாருக்கு என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள். நம் நாட்டில் ரூபாய் விழுந்தால் அந்த நட்டம் யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இதற்கெல்லாம் அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தால் அதுவும் கடன்தான், பெயர்தான் வேறு.

நொட்டிங்ஹாம் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 2012இலிருந்து, தொழிலாளர்களுக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாகனத் தரிப்பிடம் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் நகரசபை வருடாந்தக் கட்டணம் வாங்குகிறது. அந்தப் பணம் டிராமின் இரண்டாம் கட்டத்துக்குப் போனது, 2015இல் அது திறந்தது. நெரிசலை உண்டாக்குகிறவரிடம் வாங்கி நெரிசலைக் குறைப்பதற்குச் செலவழித்தார்கள். மட்டக்களப்பில் அவ்வளவு கார்கள் இல்லை, அதே வரி சரிவராது. ஆனால் நிலையம் வந்தால் பக்கத்துக் காணிவிலை ஏறும், யாரும் ஒரு வேலையும் செய்யாமலே ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு மாநகர சபைக்கு வர ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது, அதுதான் சோலைவரி, வீடு காணிக்குச் சபை வாங்கும் வருடாந்த வரி. காணி மதிப்பைக் காலத்துக்குக் காலம் ஒழுங்காகத் திருத்தினால் போதும். ரயில் கட்டும் செலவுக்கு அது காணாது, ஆனால் வருடாந்தக் குறையில் ஒரு பகுதியைத் தாங்கும். உள்ளூர்ப் பணம் கொஞ்சமாவது இருக்கிறது என்று காட்டினால் கடன் கொடுப்பவரும் காது கொடுத்துக் கேட்பார்.

களுதாவளை வெற்றிலைக்கொடி

எல்லாரும் டொலர் கணக்குப் பேசுகிறீர்கள், காணியை இழக்கப்போகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதை ஊருக்குள்ளால் போகப்போவது என்றால் அது எங்கள் வளவுகளுக்குள்ளால்தான் போகும்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. மூன்று மகள்மார் இருந்தால் ஒரு வளவு மூன்றாகும். அம்மம்மாவின் வளவில் அம்மா, சின்னம்மா, பெரியம்மா வீடுகள், பின்னால் எங்கள் வீடுகள், எல்லாம் ஒரே கிணற்றைச் சுற்றித்தான். அதற்குள்ளால் பாதை வெட்டினால் போவது பேர்ச் கணக்கில் நிலம் மட்டும் இல்லை. ஒரு பெண்பிள்ளையின் கலியாணம், அவளுக்குத் தாய் பக்கத்தில் இருக்கிற பலம், எல்லாம் சேர்ந்து போகும். அதற்கு நட்டஈடு மதிப்பிடும்போது நிலத்தின் விலையை மட்டும் போட்டால் அது அநியாயம். பலரிடம் ஒழுங்கான காணி உறுதிப் பத்திரமும் இல்லை. சில குடும்பங்களில் அனுமதிப்பத்திரம் மட்டும், சிலரின் பத்திரங்கள் யுத்தத்திலும் சுனாமியிலும் போய்விட்டன. காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி ஏழாம் பிரிவு அறிவித்தல் வந்தபின் உரிமையைக் காட்டச் சொல்வார்கள், காட்ட முடியாதவர் என்ன செய்வது? எங்கள் குடும்பத்தில் வீதி அகலிப்புக்கு ஒரு துண்டு போனது, காசு கைக்கு வருவதற்குள் அம்மா அலைந்து அலைந்து களைத்துப்போனார். வேலியை மட்டும் முதல் நாளே பிடுங்கிவிட்டார்கள்.

அப்படியென்றால் கடற்கரையோரமாகப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், அனுமதி இல்லாமல் கல் வைக்க முடியாது. 2004இல் நாவலடியிலும் கல்முனையிலும் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், அங்கே நிலையம் கட்டி ஆட்களைச் சேர்க்க எனக்கு மனம் வராது. வாவிப் பக்கம் போனால் வயலும் கண்டலும், கார்த்திகை மார்கழி மழையில் தண்ணீர் நிற்கும் இடங்கள். ரயிலுக்கு உயரமாக அணை கட்டினால் அதுவே வெள்ளத்தை மறித்து ஊருக்குள் திருப்பும். மதகு எங்கெங்கே, எவ்வளவு அகலம் என்பதை விவசாயிகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஓந்தாச்சிமடம், கல்லாறுப் பக்கம் எப்படியும் தண்ணீரைக் கடந்துதான் ஆக வேண்டும், அங்கே புதுப்பாலங்கள் வரும்.

நான் ரயிலுக்கு எதிரானவள் இல்லை. விடியற்காலையில் வெற்றிலைக் கட்டும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு ரயில் வந்தால் எவ்வளவு சுகம். சாமான் கூடையோடு ஏறக்கூடிய பெட்டி ஒன்று அதில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், இலகு ரயில் படங்களில் எல்லாம் கைப்பையோடு நிற்கும் ஆட்களை மட்டும்தான் காட்டுகிறார்கள். பாதை எங்கே என்பதை முதலில் வரைந்து, அந்த நிலத்தை இப்போதே ஒதுக்கி, அதில் இனி வீடு கட்ட விடாமல் தடுத்து, அங்கே ஏற்கெனவே இருப்பவர்களோடு ஆறுதலாகப் பேசி, மாற்றுக் காணி கொடுத்து எடுத்தால் பத்து வருஷத்துக்குப் பிறகு ரயில் வரும்போது ஒரு வீடும் இடிபடாது. கடைசி நேரத்தில் அவசரச் சுவீகரிப்பு என்று வந்து நின்றால் வேலியில் முதல் ஆளாக நான்தான் நிற்பேன்.

நாவற்குடாப் பொடியன்

எல்லாருக்கும் மிக்க நன்றி. களுதாவளை அக்கா சொன்ன சீதனக் காணி விஷயமும் கூடை ஏற்றும் பெட்டியும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, இரண்டும் முன்மொழிவில் வரும். மருதமுனை நானா (அண்ணன்), அடுத்த கூட்டத்தை உங்கள் ஊரிலேயே வைத்துவிடலாம், இடம் பார்த்துச் சொல்லுங்கள்.

கழகத்தில் பேசியபின் இப்படி யோசிக்கிறோம்: இப்போதுள்ள பாதையில் வாழைச்சேனை – மட்டக்களப்பு காலை மாலை ரயில், தெற்கே பஸ்ஸுக்கு ஒரே நேரசூசி, கல்முனை வரைக்கும் பாதைக்கு நிலம் ஒதுக்குதல், அதன்பின் தரையில் போகும் ஒற்றைப் பாதைக்குச் சாத்தியவள ஆய்வு. "இலகு ரயில்" என்ற பெயரைத் தலைப்பில் வைப்பதா விடுவதா என்று இன்னும் வாக்குவாதம். தண்டவாளம் அண்ணன், ஆள் எண்ணுவதை நாங்களே செய்யலாமா? எப்படி எண்ணினால் அதிகாரிகள் ஏற்பார்கள்?

தண்டவாளம்

தாராளமாகச் செய்யலாம். கல்லடிப் பாலம், களுவாஞ்சிகுடிச் சந்தி, கல்முனை, காரைதீவுச் சந்தி, ஏறாவூர் என்று ஐந்து இடம் போதும். மருதமுனை நண்பர் சொன்னது சரி, பாலத்தில் மட்டும் நின்றால் தெற்குப் பக்கத்து நடமாட்டம் தப்பிவிடும். காலை 6 முதல் 9 வரை, மாலை 3 முதல் 6 வரை, கால் மணித்தியாலத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு திசைக்கும் தனித்தாள். பஸ்ஸை எண்ணும்போது அது காலியா, இருக்கை நிறைந்ததா, நின்றுகொண்டு போகிறார்களா, மிதிபலகையில் தொங்குகிறார்களா என்று நாலு வகையில் குறியுங்கள், அதிலிருந்து ஆள் எண்ணிக்கையை மதிப்பிடலாம். மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் விடாதீர்கள், ரயிலுக்கு மாறப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சைக்கிளையும் நடந்து போகிறவர்களையும் எழுதுங்கள்.

பள்ளி விடுமுறை, நோன்பு மாதம், கோயில் திருவிழா நாட்களைத் தவிருங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை சாதாரண நாள், வெள்ளிக்கிழமையை வேறாக எண்ண வேண்டும், ஜும்ஆ தொழுகை நேரத்தில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் போக்குவரத்தே மாறிவிடும். எண்ணுவதோடு நிற்காமல் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். பெண்களிடம் கேட்கப் பெண்பிள்ளைகளை விடுங்கள், இல்லாவிட்டால் பதில் முழுதாக வராது. மூலத் தாள்களை எறிய வேண்டாம். யாராவது இலக்கத்தைச் சந்தேகித்தால் அந்தத் தாளைத்தான் காட்ட வேண்டிவரும். எண்ணி முடித்ததும் இங்கேயே போடுங்கள், நெரிசல் மணிக்கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.